செவாலியர் ஜாக்சன்

செவாலியர் ஜாக்சன் (நவம்பர் 4, 1865 – ஆகஸ்ட் 16, 1958) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டை அறுவை மருத்துவர் ஆவார். உணவுக்குழாயிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கிய பொருள்களை, கழுத்தையோ மார்பையோ கீறாமல், வாய்வழியே குழாய் செலுத்தி எடுக்கும் முறையைப் பிற மருத்துவர்களும் பாதுகாப்பாகக் கையாளத்தக்க ஒரு துறையாக வளர்த்தவர். எரிகாரத்தை விழுங்கி உணவுக்குழாய் சுருங்கிப்போன குழந்தைகளை மீண்டும் விழுங்கச் செய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அத்தகைய நஞ்சுப் பொருள்களின் கொள்கலன்களில் எச்சரிக்கை ஒட்டுவதைக் கட்டாயமாக்கிய 1927 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இவரது இடைவிடாத முயற்சியால் வந்தது.

செவாலியர் என்பது இங்கு பெற்றோர் வைத்த பெயரே. 1995 இல் நடிகர் சிவாஜி கணேசனுக்கு வழங்கப்பட்ட பிரெஞ்சு விருதோடு இதற்குத் தொடர்பில்லை. தாயார் பிரெஞ்சு வழிவந்தவர் என்பதால் இப்பெயர் அமைந்தது. முழுப்பெயர் செவாலியர் கிஹோட்டே ஜாக்சன்.

இளமைக்காலம்

ஜாக்சன் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்சுபர்க் நகரில் மூன்று ஆண்மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையாரின் தொழில் நொடித்தமையால் குடும்பம் வறுமையில் வாழ்ந்தது. நகருக்கு மேற்கே நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதிக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். உருவத்தில் சிறியவராகவும் கூச்ச இயல்புடையவராகவும் இருந்த ஜாக்சன், பள்ளியில் முரட்டுச் சிறுவர்களின் கொடுமைக்குத் தொடர்ந்து ஆளானார். ஒருமுறை அவரது கண்களைக் கட்டிக் கைவிடப்பட்ட சுரங்கக் குழியொன்றில் தள்ளிவிட்டனர். நினைவிழந்து கிடந்தவரைச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நாய் தற்செயலாகக் கண்டுபிடித்தது. 1938 இல் வெளியான தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவரே விவரித்துள்ளார். விலங்குகளிடம் அவர் வாழ்நாள் முழுவதும் காட்டிய பரிவுக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சிறு வயதிலேயே மரவேலையிலும் ஓவியத்திலும் தேர்ந்திருந்தார். இவ்விரண்டும் பிற்காலத்தில் தொழிலுக்கே பயன்பட்டன. தனக்கு வேண்டிய கருவிகளை வடிவமைக்கவும், குழாய் வழியே கண்டதை அப்படியே வரைந்து காட்டவும் அவரால் முடிந்தது.

கல்வி

இன்று பிட்சுபர்க் பல்கலைக்கழகம் எனப்படும் மேற்குப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கண்ணாடிப் பொருள்களிலும் மட்பாண்டங்களிலும் ஓவியம் தீட்டிக் கட்டணத்தைத் தானே ஈட்டினார். பின்னர் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1886 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் இலண்டன் சென்று, அக்காலத்தின் புகழ்பெற்ற தொண்டை மருத்துவரான மோரல் மெக்கன்சியின் பணியைக் கண்டறிந்தார். உணவுக்குழாயின் உள்ளே பார்ப்பதற்கென மெக்கன்சி ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். நடைமுறைக்கு ஒவ்வாத அக்கருவி ஜாக்சனின் மனத்தில் ஒரு கேள்வியாகவே தங்கிவிட்டது. 1887 இல் பிட்சுபர்க் திரும்பித் தொண்டை மருத்துவராகத் தொழில் தொடங்கினார்.

குழாயின் வரலாறு

ஜாக்சன் இத்துறையின் முதல்வர் அல்லர். 1868 இல் செருமனியின் பிரைபர்க் நகரில் அடோல்ப் குசுமால் என்பவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டையில் நேரான குழாயைச் செலுத்திப் பார்த்தார். தலையைத் தக்கபடி பின்னுக்குச் சாய்த்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் என்பதை அந்த வித்தைக்காரர் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்றே சொல்லலாம். வெளிச்சம்தான் போதவில்லை. 1881 இல் வியன்னாவில் யோகான் மிக்குலிச்சு இதனை மேலும் முன்னெடுத்தார். 1897 இல் அதே பிரைபர்க்கில் குசுத்தாவ் கில்லியன், உழவர் ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து பன்றி எலும்புத் துண்டை வாய்வழியே எடுத்தார்.

1890 அளவில் ஜாக்சன் தனது முதல் உணவுக்குழாய் நோக்கியை உருவாக்கி, ஒருவர் விழுங்கிவிட்ட பல்செட்டை வெளியே எடுத்தார். பின்னர் ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கிய நாணயத்தையும் எடுத்தார். கருவியைப் பற்றிக் கேள்விப்பட்ட பிற மருத்துவர்கள் போதிய பயிற்சியின்றி அதைப் பயன்படுத்தினர். குழாய் முனை உணவுக்குழாயின் சுவரைத் துளைத்துச் சிலர் இறந்தனர். இதனால் மனம் வருந்திய ஜாக்சன், சில ஆண்டுகள் இக்கருவியைப் பரப்புவதையே நிறுத்தி வைத்தார். கருவியைவிடப் பயிற்சியே முதன்மையானது என்ற முடிவுக்கு அவர் வந்தது இக்காலத்தில்தான். இது அவரது வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி என்றாலும், பின்னாளில் அவர் செய்தவை பலவற்றுக்கும் வேர் இங்கேயே உள்ளது.

1900களின் தொடக்கத்தில் மாக்சு ஐன்கார்ன் என்பவரின் வடிவமைப்பைப் பின்பற்றி, குழாயின் உள்முனையிலேயே ஒரு சிறு மின்விளக்கைப் பொருத்தினார். அதுவரை வெளிச்சம் நெற்றியில் கட்டிய கண்ணாடியிலிருந்து குழாய்க்குள் பாய்ச்சப்பட்டு வந்தது. நீண்டு குறுகிய குழாயில் அது பாதி வழியிலேயே மங்கிவிடும். விளக்கு முனைக்குச் சென்றதும், மருத்துவர் காணவேண்டிய இடத்தில் ஒளி கிடைத்தது. 1907 இல் இத்துறையின் முதல் முழுமையான பாடநூலை வெளியிட்டார். 1915 இல் வெளியான விரிவான நூலின் பெரும்பகுதி, காசநோயால் படுக்கையில் கிடந்தபோது எழுதப்பட்டது. அந்நோய் அவரைப் பின்னரும் விட்டுவைக்கவில்லை.

எரிகாரமும் குழந்தைகளும்

அக்கால அமெரிக்க வீடுகளில் சோடியம் ஐதராக்சைடு, அதாவது நம் ஊரில் காஸ்டிக் சோடா எனப்படும் எரிசோடா, சமையலறைப் பொருளாகவே இருந்தது. கொழுப்புடன் சேர்த்து வீட்டிலேயே சோப்பு காய்ச்சவும், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்களைத் திறக்கவும் அது பயன்பட்டது. மளிகைக் கடையில் சர்க்கரைக்கு அருகிலேயே கிடைத்தது. பார்வைக்கும் சர்க்கரையைப் போலவே வெண்மையாக இருந்தது. நஞ்சு என்ற எச்சரிக்கை எதுவும் டப்பாவில் இல்லை.

எரிசோடா தரும் புண்ணின் தன்மை வேறு. அமிலம் பட்டால் திசுவின் மேற்பரப்பு உறைந்து பொருக்காகி, அமிலம் ஆழமாக இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியன்று. அது திசுவில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றி, புரதத்தைக் கரைத்து, தசைவரை ஊடுருவும். சோப்புக் காய்ச்சும் பாத்திரத்தில் நிகழும் அதே வேதிவினை குழந்தையின் தொண்டையிலும் நிகழ்கிறது. மேலும், இப்புண் பெற்றோரை ஏமாற்றும் இயல்புடையது. முதல் சில நாள்களின் வலியும் வீக்கமும் அடங்கியபின் குழந்தை மீண்டும் பால் குடிக்கத் தொடங்கும். ஆபத்து நீங்கிவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். சில வாரங்கள் கழித்து, புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு சுருங்கத் தொடங்கும். முதலில் சோறு போன்ற திட உணவு தடைப்படும், பின்னர் கஞ்சி, கடைசியில் தண்ணீரும் எச்சிலும்கூட இறங்காது. இந்நிலையில்தான் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் ஜாக்சனிடம் கொண்டுவரப்பட்டனர்.

தன்வரலாற்றில் அவர் குறிப்பிடும் ஒரு சிறுமியின் கதை பலராலும் எடுத்துரைக்கப்படுவது. ஏழு வயது மதிக்கத்தக்க அச்சிறுமிக்குச் சுமார் ஒரு வாரமாக ஒரு துளி நீரும் இறங்கவில்லை. ஜாக்சன் குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தின் மேலே அடைத்துக்கொண்டிருந்த சாம்பல்நிறக் கட்டியை இடுக்கியால் எடுத்தார். பின்னர் செவிலியர் ஒரு குவளை நீர் கொடுத்தார். இதுவும் திரும்பி வந்துவிடும் என்றஞ்சிச் சிறுமி ஒரு மிடறு மட்டும் குடித்தாள். அது இறங்கியது. மற்றொரு மிடறும் இறங்கியது. அவள் குவளையை மெல்ல ஒதுக்கிவிட்டு, மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாள்.

அடைப்பை எடுத்ததோடு மருத்துவம் முடிவதில்லை. சுருங்கிய குழாயை விரிக்கவேண்டும். மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தள்ளும் பழைய முறையில் உணவுக்குழாய் கிழிந்துவிடும் ஆபத்து இருந்தது. ஜாக்சனும் அவருடைய துணை மருத்துவர் கேப்ரியல் டக்கரும் பின்பற்றிய முறை வேறுவகையானது. முதலில் வயிற்றில் சிறு துளையிட்டு அதன்வழியே நேரடியாக உணவு செலுத்தி, குழந்தையின் உடலைத் தேற்றுவர். பிறகு குழந்தை ஒரு நூலைச் சிறிதுசிறிதாக விழுங்கவேண்டும். தண்ணீர் இறங்கும் அளவு இடைவெளி இருந்தால் நூலும் இறங்கிவிடும். இரைப்பையை அடைந்த நூலின் முனையை வயிற்றுத் துளை வழியே வெளியே எடுத்து, அதில் இருமுனையும் கூரான ஒரு மென்மையான விரிப்பானைக் கட்டி, வயிற்றிலிருந்து வாயை நோக்கிக் கீழிருந்து மேலாக இழுப்பர். நூல் வழிகாட்டுவதால் விரிப்பான் தடம் மாறிச் சுவரைத் துளைக்காது. ஒவ்வொரு முறையும் சற்றே பருமனான விரிப்பான் பயன்படுத்தப்படும். இது ஒரு நாள் வேலையன்று, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். நூல் எப்போதும் மூக்கு வழியாக வெளியே வந்து, வயிற்றிலிருந்து வரும் முனையோடு முடிச்சிடப்பட்டிருக்கும். இந்நிலையிலேயே குழந்தைகள் விளையாடவும் செய்தனர்.

ஏழைகளின் பிள்ளைகளே இவ்விபத்துக்கு அதிகம் ஆளாயினர். பலருக்கு ஜாக்சன் கட்டணமின்றியே மருத்துவம் செய்தார்.

1927 ஆம் ஆண்டுச் சட்டம்

எத்தனை குழந்தைகளுக்குக் குழாயை விரித்தாலும் அடுத்த வாரம் வேறொரு குழந்தை வரும் என்பதை ஜாக்சன் உணர்ந்தார். மென்பொருள் எழுதுவோர் மொழியில் சொன்னால், வழுவின் விளைவைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட வழுவையே திருத்த முயன்றார். எரிகாரக் கொள்கலன்களில் நஞ்சு என்ற சொல்லும், விழுங்கினால் செய்யவேண்டியதும் அச்சிடப்படவேண்டும் என்று மருத்துவச் சங்கங்களையும் சட்டமன்றத்தினரையும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினார். உற்பத்தியாளர்கள் எளிதில் இணங்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் துணைநின்றது. இறுதியில் 1927 மார்ச் 4 அன்று குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் கூட்டாட்சி எரிநஞ்சுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். மாநிலங்களுக்கிடையே விற்பனையாகும் வீட்டுப் பயன்பாட்டு எரிபொருள்களின் கொள்கலன்களுக்கு, அதாவது அமிலம், காரம் போன்றவை அடைக்கப்பட்டவற்றுக்கு, எச்சரிக்கைச் சீட்டு கட்டாயமானது. 1960 இல் வந்த விரிவான தீங்குப்பொருள் சட்டம் இதன் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. குழந்தைகள் எளிதில் திறக்கமுடியாத மூடிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 1970 இல் வந்தது.

அக்காலச் சீட்டுகளில் காணப்பட்ட முதலுதவிகள் சில இன்று தவறெனக் கருதப்படுவதை இங்குக் குறிப்பிடவேண்டும். காரத்தை முறிக்க வினிகரோ எலுமிச்சைச் சாறோ கொடுப்பதும், வாந்தி எடுக்கவைப்பதும் இன்று விலக்கப்பட்டுள்ளன. வாந்தியெடுத்தால் அதே காரம் உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிக்கும். வாயைக் கழுவிவிட்டு, கொள்கலனையும் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வதே சரியானது.

பிற பங்களிப்புகள்

மூச்சடைப்பின்போது கழுத்தில் துளையிடும் அறுவையை முறைப்படுத்தியவர் ஜாக்சன். இவ்வறுவைக்குப் பின் பலருக்குக் குரல்வளை நிரந்தரமாகச் சுருங்கிவிடுவதற்கு, துளையை மிக மேலே இடுவதே முதன்மைக் காரணம் என்று 1921 இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். சற்றுக் கீழே துளையிடும் பழக்கம் இதன்பின் நிலைபெற்றது. குரல்வளையை நேரடியாகப் பார்க்க அவர் உருவாக்கிய கருவியும், அதன்வழியே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது பற்றி 1913 இல் எழுதியதும் மயக்க மருந்தியல் வளர்ச்சிக்கு உதவின.

எல்லாவற்றிலும் அவர் கூறியதே சரியாக அமைந்துவிடவில்லை. உணவுக்குழாயின் அடிப்பகுதி திறக்க மறுக்கும் நோய்க்கு உதரவிதானம் இடுக்கிபோல் அழுத்துவதே காரணம் என்று அவர் கருதினார். அடிவாய்த் தசையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் சிதைவே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அத்தசையைக் கீறிவிடும் அறுவையைச் செருமனியின் எர்னசுட்டு கெல்லர் 1913 இலேயே செய்துவிட்டார். அதன் மாற்றுருக்கள் இன்றும் செய்யப்படுகின்றன.

ஆசிரியப் பணி

1912 இல் பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1916 இல் தான் பயின்ற ஜெபர்சன் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், டெம்பிள் பல்கலைக்கழகம் முதலிய பிலடெல்பிய நிறுவனங்களிலும் பொறுப்பு வகித்தார். இருகைகளாலும் ஒரே திறமையுடன் பணியாற்றக்கூடியவர் என்பதால், வகுப்பில் இரு கைகளிலும் வண்ணச் சுண்ணக்கட்டி பிடித்துக் கரும்பலகையில் தொண்டையின் உட்புறத்தை வரைந்துகொண்டே பாடம் நடத்துவார். பெண்கள் மருத்துவம் பயில்வதை ஆதரித்த இவர், 1935 முதல் 1941 வரை பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1926 இல் பிலடெல்பிய விருது இவருக்கு வழங்கப்பட்டது.

1936 இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலிருந்து, நுரையீரலில் ஆணி தங்கிவிட்ட 3 வயதுச் சிறுவன் ஒருவன் கப்பலில் இவரிடம் கொண்டுவரப்பட்டான். அந்த ஆணி வெற்றிகரமாக எடுக்கப்பட்டது.

சேகரிப்பு

நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒவ்வொரு பொருளையும், நாள், நோயாளியின் வயது, பொருள் இருந்த இடம், எடுத்த முறை ஆகியவற்றோடு ஜாக்சன் பாதுகாத்து வைத்தார். ஊக்குகள், பொத்தான்கள், நாணயங்கள், எலும்புகள், ஆணிகள், பூட்டு, பொம்மைத் தொலைநோக்கி என 2,374 பொருள்கள் அடங்கிய சேகரிப்பு பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் உள்ளது. உரியவர் கேட்டாலும் பொருளைத் திருப்பித் தர அவர் விரும்பவில்லை. இதை விந்தைப் பழக்கம் எனக் கருதுவோர் உண்டு. ஆயினும் அடுத்த மருத்துவருக்கு எந்த வடிவப் பொருளை எந்த இடுக்கியால் பிடிக்கவேண்டும் என்று கற்பிக்க இதைவிடச் சிறந்த நூல் இருந்திருக்க முடியாது. மகனுடன் சேர்ந்து 1936 இல் வெளியிட்ட பெருநூலில் இவற்றை அட்டவணைப்படுத்தினார்.

தனி வாழ்க்கை

1899 இல் ஆலிஸ் ஒயிட் என்பவரை மணந்தார். ஒரே மகன் செவாலியர் லாரன்சு ஜாக்சனும் தொண்டை மருத்துவராகி, டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தந்தையின் இடத்தில் பணியாற்றினார். ஜாக்சன் மது அருந்தாதவர், விருந்துகளையும் கூட்டங்களையும் தவிர்த்தவர். சுவென்க்சுவில் என்னும் ஊரருகே பழைய நீராலை ஒன்றை வாங்கி, அங்கேயே வண்ண ஓவியங்கள் தீட்டியும் மரவேலை செய்தும் ஓய்வுக்காலத்தைக் கழித்தார். 92 ஆம் வயதில் காலமானார்.

பிற்கால வளர்ச்சி

1957 இல் பேசில் கிர்சோவிட்சு ஒளியிழைகளாலான வளையும் அகநோக்கியை இரைப்பைக்குப் பயன்படுத்தினார். 1966 இல் சப்பானின் சிகெத்தோ இக்கேதா மூச்சுக்குழாய்க்கான வளையும் நோக்கியை அறிமுகப்படுத்தினார். இதன்பின் ஜாக்சனின் உறுதியான உலோகக் குழாயின் பயன்பாடு குறைந்தது. எனினும் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து வேர்க்கடலை போன்றவற்றை எடுக்க அது இன்றும் கையிலெடுக்கப்படுகிறது. எரிகாரச் சுருக்கத்துக்கு இப்போது அகநோக்கி வழியே பலூனாலோ விரிப்பானாலோ விரிப்பது வழக்கம். விரிக்கவே முடியாதபோது, இரைப்பையையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ மேலே கொண்டுவந்து உணவுக்குழாயின் இடத்தில் பொருத்தும் பெரிய அறுவை செய்யப்படுகிறது. இத்தகைய தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்பதால் நீண்டகாலக் கண்காணிப்பும் தேவை.

எரிசோடா நம் பகுதிகளுக்கு அயலானதன்று. திருப்பூர்–பல்லடம் சாலையிலுள்ள அருள்புரம் போன்ற இடங்களின் சாயப்பட்டறைகளில், பின்னிய பருத்தித் துணியில் இயற்கையாக உள்ள மெழுகையும் எண்ணெயையும் போக்க அதனை எரிசோடா சேர்த்துக் கொதிக்கவைப்பர். பிறகே ஐதரசன் பெராக்சைடால் வெளுப்பர். மெழுகும் எண்ணெயும் சோப்பாகிக் கழன்று போவதால்தான் துணி நீரை உறிஞ்சிச் சாயத்தை ஏற்கிறது. தொழிலில் நன்மை செய்யும் இந்த வினையே தொண்டையில் தீமை செய்கிறது. பட்டறையிலிருந்தோ கடையிலிருந்தோ வாங்கிய காரத்தையும் கழிவறை அமிலத்தையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. அமில வீச்சுக் குற்றங்களை முன்னிட்டு இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஆனால் வாங்கிய பொருள் வீட்டில் வேறு பாட்டிலுக்கு மாறிவிட்டால் எந்தச் சீட்டும் அதனுடன் செல்வதில்லை.

ஜாக்சன் காலத்தில் இல்லாத ஒரு பொருளும் இன்று இப்பட்டியலில் சேர்ந்துள்ளது. பொம்மைகளிலும் தொலையியக்கிகளிலும் உள்ள வட்டவடிவப் பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், அதன் எதிர்முனையில் மின்னோட்டத்தால் ஐதராக்சைடு உருவாகிறது. அதாவது எரிசோடா தொண்டைக்குள்ளேயே உற்பத்தியாகிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். எக்சு-கதிர்ப் படத்தில் இது நாணயத்தைப் போலவே தோன்றும். விளிம்பில் தெரியும் இரட்டை வளையத்தைக் கொண்டே மருத்துவர்கள் இதனை நாணயத்திலிருந்து வேறுபடுத்தி அறிகின்றனர்.